முறுக்குப் பொட்டலத்தில் ஒரு துண்டுச் சீட்டு

குவாசூலு-நட்டால் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும், கோயில் சமையலறைத் தொண்டர்களுக்கும், வீட்டில் பலகாரம் செய்து விற்கும் அக்கா, ஆன்ட்டிமார்களுக்கும், தென்னாப்பிரிக்கத் தமிழ்க் கூட்டமைப்புக்கும் ஒரு திறந்த மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

ஆடிக் கூழ் முடிந்தால் புரட்டாசி. புரட்டாசி விரதம் முடிவதற்குள் தீபாவளிப் பலகார ஆர்டர்கள் வந்துவிடும். அது ஓய்ந்தால் தைப்பூசக் காவடி, அப்புறம் பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடுகிற கூட்டம். ஆண்டு முழுக்க டர்பனைச் சுற்றி எங்காவது ஒரு கோயிலில் அண்டா அடுப்பில் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் பலருக்கு இன்று வீட்டில் தமிழ்ப் பேச்சு இல்லை. சாப்பாட்டை மட்டும் விடவில்லை. நான் கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவள். வந்த புதிதில் எனக்கு ஊர் ஞாபகத்தைத் தீர்த்ததே இங்குள்ள ஒரு கோயில் சமையலறைதான். இப்போதும் அங்கே காய் நறுக்கப் போகிறேன். அதனால் இதை உள்ளே இருப்பவளாகவே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நாம் பரிமாறுகிற, பொட்டலம் கட்டிக் கொடுக்கிற, விற்கிற உணவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். முக்கியமாக, சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் ஒவ்வாமை (அலர்ஜி) உண்டாக்கும் நிலக்கடலை, முந்திரி, பாதாம், பால், கோதுமை, சோயா, எள், கடுகு. இவற்றில் கடைசி இரண்டைப் பற்றித்தான் நான் நிறையப் பேசப் போகிறேன். ஏனென்றால் அவற்றுக்காகச் சட்டம் பேசவில்லை.

இந்த நாட்டில் உணவு லேபிளுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் 54ஆம் எண் சட்டத்தின் கீழ், 2010 மார்ச் 1 அன்று ஆர்146 என்ற விதிகளைச் சுகாதாரத் துறை வெளியிட்டது. 2012 மார்ச் 1 முதல் அவை நடைமுறையில் உள்ளன. முட்டை, பசும்பால், மீன், இறால் நண்டு சிப்பி வகைகள், நிலக்கடலை, சோயா, மரக்கொட்டைகள் (முந்திரி, பாதாம் போன்றவை), கோதுமை பார்லி போன்ற தானியங்கள் ஆகியவற்றைப் பொதுவான ஒவ்வாமைப் பொருட்கள் என்று அந்த விதிகள் வரையறுக்கின்றன. பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் இவை இருந்தால் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வாமைப் பொருட்கள் தனி வரியிலோ அடைப்புக்குறிக்குள்ளோ இருக்கும்.

அந்தப் பட்டியலில் எள் இல்லை. கடுகும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 14 பொருட்களைப் பட்டியலிட்டிருக்கிறது. எள்ளும் கடுகும் அதில் உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்ந்தது. உலக நாடுகள் பின்பற்றும் கோடெக்ஸ் லேபிள் தரநிலையிலும் 2024 நவம்பரில் எள்ளைச் சேர்த்துவிட்டார்கள். இங்கே 2010இல் எழுதிய பட்டியல்தான் கையில் இருக்கிறது. 2023இல் புதிய லேபிள் விதிகளின் வரைவு வெளியானபோது செய்தித்தாள்களும் வானொலியும் பேசியதெல்லாம் சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட்டுகளின் முகப்பில் போட வேண்டிய கறுப்பு முக்கோண எச்சரிக்கையைப் பற்றித்தான். அந்த முக்கோணம் வேண்டியதுதான். நம் வீடுகளில் சர்க்கரை நோயாளி இல்லாத வீடு எது? ஆனால் எள்ளுக்காக யாரும் குரல் கொடுத்ததாக நான் கேட்கவில்லை.

குரல் கொடுக்க வேண்டியவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் எள்ளையும் கடுகையும் நம்மைப் போல யார் சாப்பிடுகிறார்கள்? முறுக்கில் எள், இட்லிப் பொடியில் எள், சனிக்கிழமை எள் சாதம், எள்ளுருண்டை. கடுகு தாளிக்காத குழம்பு கிடையாது. டர்பன் மாங்காய் அச்சாருக்குப் போடுகிற ஊறுகாய் மசாலாவில் உடைத்த கடுகும் வெந்தயமும்தான் பாதி. பிரிட்டோரியாவில் உட்கார்ந்து பட்டியல் எழுதுகிறவருக்கு இது தோன்றாமல் போனால் ஆச்சரியமில்லை. நமக்குத் தோன்ற வேண்டும்.

இந்தியாவிலிருந்து வரும் பாக்கெட்டுகளை நம்பலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளில் உள்ள ஒவ்வாமைப் பட்டியலிலும் எள், கடுகு கிடையாது. சேர்மானப் பட்டியலில் எள் என்று பெயர் வரலாம், உண்மைதான். ஆனால் அதைத் தடித்த எழுத்தில் தனியாகக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மசாலாவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கோடெக்ஸ் தரநிலைப்படி, ஒரு உணவில் மசாலாப் பொருட்கள் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் அவற்றைத் தனித்தனியாகச் சொல்லாமல் 'மசாலாப் பொருட்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளலாம். பட்டியலில் உள்ள ஒவ்வாமைப் பொருளாக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. கடுகு பட்டியலில் இல்லாத இடத்தில் அது அந்த ஒரு வார்த்தைக்குள் மறைந்துகொள்கிறது.

பெருங்காயத்தைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. பிசினாக வருகிற அசல் பெருங்காயம் தாங்க முடியாத காரமும் நெடியும் உள்ளது. கடையில் டப்பாவில் விற்கிற மஞ்சள் தூள் என்பது அந்தப் பிசினைக் கருவேலம் பிசினோடும் மாவோடும் கலந்து அரைத்த கூட்டுப் பெருங்காயம். அந்த மாவு பல கம்பெனிகளில் கோதுமை மாவு, சில கம்பெனிகளில் அரிசி மாவு. கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர், சீலியாக் நோய் (கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் நோய்) உள்ள ஒருவர், நம் கோயிலில் வெறும் சாதமும் ரசமும் பருப்பும் போட்டுக்கொண்டு 'இதில் கோதுமைக்கு எங்கே வேலை' என்று நிம்மதியாகச் சாப்பிடுவார். ரசத்தில் ஒரு சிட்டிகைதான். ஆனால் அந்த ஒரு சிட்டிகையைப் பற்றிச் சமைத்தவருக்கே தெரியாது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எழுதியிருக்கும், ஆனால் டப்பா எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது, தூள் வேறு டப்பாவில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஆயா மசாலாவை வெயிலில் காயவைத்து வீட்டிலேயே இடித்தார். அவர் கையால் இடித்ததில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். இன்று நம் சமையலறைக்கு வருவது முக்கால்வாசி வாங்கிய பொருள். ஆயத்தக் கறி மசாலா, சில்லி பைட்ஸ் என்கிற பஜ்ஜிக்கான மிக்ஸ் (கடலை மாவு என்று நினைத்து வாங்குகிறோம், சிலவற்றில் கோதுமை மாவும் சேர்ந்திருக்கிறது), பால் பொருள் கலந்த மார்ஜரின், சூப் பவுடர், சோயா துண்டுகள். 'ஆயா காலத்தில் யாருக்கும் அலர்ஜி இல்லை' என்று சொல்கிற பெரியவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஆயா சமையலறையில் சேர்மானம் எல்லாம் ஆயாவின் தலையில் இருந்தது, கேட்டால் சொல்வார் என்பதை மட்டும் சொல்வேன்.

புரட்டாசியில் இது இன்னும் கூடும். ஒரு மாதம் கறி மீன் கிடையாது என்றதும் சோயா பிரியாணி, சோயா மின்ஸ், மட்டன் மாதிரியே இருக்கும் கோதுமைப் புரதத் துண்டுகள் என்று கடை அலமாரியே மாறிவிடும். சைவம் என்பதால் எல்லோருக்கும் ஏற்றது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். சோயாவும் கோதுமையும் பாலும் முந்திரியும் எள்ளும் எல்லாமே சைவம்தான். ஒவ்வாமைக்குச் சைவம் அசைவம் தெரியாது.

லேபிளை எழுத்துக்கு எழுத்து நம்பலாமா என்றால் அதற்கும் இந்த நாட்டில் ஒரு கதை உண்டு. 2013இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 139 இறைச்சிப் பொருட்களைச் சோதித்தார்கள். 95இல், அதாவது 68 சதவீதத்தில், லேபிளில் சொல்லாத இன இறைச்சி இருந்தது. கழுதை, எருமை, ஆடு எல்லாம் வந்தன. அந்தச் செய்தி நம் ஆட்களிடம் மாட்டிறைச்சியாலும் பன்றியாலும் பரபரப்பானது, நியாயம்தான். அதே ஆய்வில் கால் பங்குக்கு மேற்பட்ட பொருட்களில் லேபிளில் சொல்லாத சோயாவும் கோதுமைப் புரதமும் இருந்தன என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, இதெல்லாம் கம்பெனிகள் விஷயம். நம்முடையது எங்கே வருகிறது?

லேபிள் விதிகளைக் கம்பெனிகள் படிக்கின்றன, சூப்பர் மார்க்கெட்டுகள் படிக்கின்றன. கோயில் வாசல் மேஜையில் வைத்து விற்கும் முறுக்குப் பாக்கெட், தீபாவளிக்கு வீட்டில் செய்து ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொடுக்கும் பர்ஃபி, சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு விற்கும் சேவ் அண்ட் நட்ஸ், அன்னதான வரிசையில் கரண்டியால் விழும் சர்க்கரைப் பொங்கல் என்று வரும்போது நடைமுறையில் யாரும் எதையும் எழுதுவதில்லை. செய்தவர் பெயர்கூட இருக்காது. விற்பனைக்குச் சமைப்பவர்கள் 2018ஆம் ஆண்டின் ஆர்638 விதிகளின்படி நகராட்சியிடம் ஏற்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும், சிலர் வாங்கியும் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் உங்கள் அடுக்களை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிறது. முறுக்கில் எள் இருக்கிறதா என்று சாப்பிடுகிறவருக்கு அது சொல்லாது.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு ஓட்டை இருந்தது. கடையிலேயே செய்து, கடையிலேயே பொட்டலம் கட்டி, அதே கடையில் விற்கும் உணவுக்கு முழு சேர்மானப் பட்டியல் தேவையில்லை என்று விதி. 2016இல் நடாஷா எட்னன்-லபரூஸ் என்ற 15 வயதுப் பெண் விமானம் ஏறும் முன் வாங்கிய ஒரு ரொட்டியைச் சாப்பிட்டு இறந்துபோனாள். மாவிலேயே எள் கலந்திருந்தது, உறையில் எழுதவில்லை. பெற்றோர் விடாமல் போராடி, 2021 அக்டோபர் 1 முதல் அந்த வகை உணவுக்கும் முழுப் பட்டியல் கட்டாயமானது. அதை நடாஷா சட்டம் என்கிறார்கள். நம் கோயில் வாசல் மேஜையை நினைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். நமக்காகவே எழுதியது போல இருக்கும்.

எங்கள் குடும்பத்திலும் ஒன்று நடந்தது. என் நாத்தனார் பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே எள் ஆகாது. ஒரு விசேஷத்துக்குப் போன இடத்தில், பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், தட்டில் முறுக்கு வைத்தார்கள். 'இதில் நட்ஸ் இருக்கா ஆன்ட்டி' என்று அவனே கேட்டான், அப்படிக் கேட்கப் பழக்கியிருந்தோம். 'நட்ஸ் எல்லாம் இல்லப்பா, தைரியமா சாப்பிடு' என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. வெள்ளை எள்ளை மாவோடு அரைத்துப் போட்டிருந்தார்கள், கண்ணுக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அலர்ஜிக்கான அட்ரினலின் ஊசி கையில் இருந்ததால் தப்பித்தான். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு அநியாயம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவன் சரியான கேள்வியைக் கேட்டிருந்தாலும் தட்டை நீட்டியவருக்கு விடை தெரிந்திருக்காது. முறுக்கு வேறு வீட்டிலிருந்து வந்தது.

இப்படிப்பட்டவர்கள் அபூர்வம் என்று நினைக்காதீர்கள். கேப் டவுனில் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில், சோதித்து உறுதி செய்த உணவு ஒவ்வாமை 2.5 சதவீதம் என்று கண்டார்கள். முட்டையும் நிலக்கடலையும்தான் முதலிடங்களில். காவடிக்கு வரும் கூட்டத்தில் எத்தனை குழந்தைகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தீபாவளிப் பெட்டி ஒன்றையும் நினைத்துப் பாருங்கள். நாம் அதைத் தமிழர்களுக்கு மட்டுமா கொடுக்கிறோம்? பக்கத்து வீட்டு சூலு அம்மாவுக்கு, எதிர் வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கு, அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, பிள்ளைகளின் டீச்சருக்கு. இந்த நாட்டில் நமக்கு இருக்கிற நல்ல பெயரில் பாதி அந்தப் பெட்டியால் வந்தது. ஆனால் அதை வாங்குகிறவருக்கு மைசூர் பாக்கில் கடலை மாவும் நெய்யும், பர்ஃபியில் பால் பவுடரும் பாதாமும் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நமக்காவது பார்த்தால் தோராயமாகத் தெரியும். அவர்களுக்கு அது வெறும் மஞ்சள் கட்டி, வெள்ளைக் கட்டி.

நம்மால் இது முடியாது என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிடுவேன். உணவு ஒன்றோடொன்று படாமல் பார்த்துக்கொள்ளும் கலையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பூஜைப் பாத்திரம் தனி. கறி வெந்த சட்டியில் நைவேத்தியம் வேகாது. கறிக்கரண்டி சைவக் குழம்பில் பட்டுவிட்டால் குழம்பையே கொட்டிவிடுகிற மாமியார்களை எனக்குத் தெரியும். புரட்டாசிக்கு முன் ஃப்ரிட்ஜையே கழுவிக் கவிழ்க்கிறோம். ஜெலட்டின் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிள் படிக்கிறவர்கள் நாம்தான். ஒவ்வாமை வல்லுநர்கள் பெரிய பெரிய தொழிற்சாலைகளில் கற்றுக்கொடுப்பது இதே ஒழுங்கைத்தான்: தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி எண்ணெய், வரிசையாகச் செய்வது, நடுவில் கழுவுவது. அந்த ஒழுங்கை முந்திரிக்கும் எள்ளுக்கும் கொஞ்சம் நீட்டினால் போதும்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நம் ஆட்களுக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கொதிக்கிற எண்ணெயில் போட்டால் எல்லாம் செத்துப் போய்விடும் என்று. கிருமி சாகும். நிலக்கடலையின் புரதம் அப்படி ஒழிந்துபோகாது, வறுத்தால் அதன் ஒவ்வாமைத் தன்மை கூடுகிறது என்றுகூட ஆய்வுகள் சொல்கின்றன. கடலை பொரித்த எண்ணெயிலேயே வடை போட்டால் அந்த வடையும் கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. நெய்யிலும் பால் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் இருக்கும்.

எழுதச் சொன்னால் மசாலா அரைக்கிறவர்களுக்கு ஒரு பயம் வரும், தெரியும். எங்கள் கலவை ரகசியம், மூன்று தலைமுறையாக வந்தது, வெளியே சொல்ல முடியாது. சொல்லவே வேண்டாம். சேர்மானப் பட்டியலில் அளவு எழுதத் தேவையில்லை, அதிகம் உள்ளது முதலில் என்ற வரிசை போதும். மல்லி, மிளகாய், சீரகம், கடுகு என்று எழுதினால் உங்கள் மசாலாவை யாரும் அரைத்துவிட முடியாது. விகிதமும் வறுக்கும் பக்குவமும் உங்கள் கையில்தான்.

பிரசாதத்தில் சீட்டு ஒட்டுவது மரியாதையா என்று ஒரு பெரியவர் கேட்டார். கூழில் புளித்த பால் ஊற்றுகிறோம், பொங்கலில் முந்திரி போடுகிறோம். அது ஒத்துக்கொள்ளாத குழந்தை அம்மன் பெயரைச் சொல்லிக் கொடுத்ததை வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால் யாருக்கு மரியாதை? வேண்டாம் என்று மறுக்கவும் நம் ஆட்களுக்குச் சங்கடம், பிரசாதத்தை மறுப்பது பாவம் என்று வளர்த்திருக்கிறோம். முன்னாலேயே எழுதி வைத்தால், அந்தத் தாய் குங்குமத்தையும் பூவையும் வாங்கிக்கொண்டு சங்கடமில்லாமல் நகர்ந்துவிடுவாள்.

இனி வேலைக்கு வருகிறேன். விற்கிற, கொடுக்கிற பொட்டலத்தில் ஒரு துண்டுச் சீட்டு. செய்தவர் பெயர், போன் நம்பர், செய்த தேதி, சேர்மானம். நான் மேலே சொன்ன எட்டுப் பொருட்களில் எது இருந்தாலும் அடிக்கோடு. கையால் எழுதி நகல் எடுத்தாலும் போதும், அச்சடிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆர்146 விதியும் ஆங்கிலம் கட்டாயம், முடிந்தால் இன்னொரு ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது, இங்கே அந்த இன்னொன்று இசிசூலுவாக இருந்தால் நல்லது. தமிழிலும் எழுத ஆசைப்படுகிறவர்கள் எழுதுங்கள், ஆனால் தமிழில் மட்டும் எழுதாதீர்கள். அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் எழுதியிருப்பது நமக்குப் பெருமைதான். அந்தப் பெருமையை முறுக்குப் பொட்டலத்தில் காட்ட வேண்டாம்.

அன்னதானத்துக்கு வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. அன்றைக்குச் சமைத்த ஒவ்வொன்றின் பெயரும், எதிரே அதில் உள்ள ஒவ்வாமைப் பொருளும். வாங்கி வந்த பாக்கெட், டப்பா உறைகளை அன்று பரிமாறி முடியும் வரை குப்பையில் போடாமல் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். யாராவது கேட்டால் எடுத்துப் பார்த்துச் சொல்லலாம். சமையலறையில் ஒருவர், ஒரே ஒருவர், அன்றைய சேர்மானத்துக்குப் பொறுப்பு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். பரிமாறுகிற பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: யாராவது கேட்டால் ஊகித்துச் சொல்லாதே, அவரிடம் அனுப்பு. 'தெரியவில்லை' என்பது நல்ல பதில். 'கொஞ்சம்தான் இருக்கு, ஒண்ணும் ஆகாது' என்பதுதான் ஆபத்தான பதில்.

ஒரு சோம்பேறித்தனத்தை மட்டும் முன்கூட்டியே தடுக்க நினைக்கிறேன். எட்டுப் பெயரையும் எழுதி 'எல்லாம் இருக்கலாம்' என்று எல்லாப் பொட்டலத்திலும் ஒரே சீட்டை ஒட்டிவிடுவது. அது நம்மைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி, சாப்பிடுகிறவருக்கு அதனால் பயன் இல்லை. 'இருக்கலாம்' என்ற எச்சரிக்கையைச் சுத்தமான தயாரிப்பு முறைக்குப் பதிலாக வைக்கக் கூடாது என்று ஆர்146 விதியே சொல்கிறது. அமெரிக்காவில் எள் சட்டம் வந்ததும் சில ரொட்டித் தயாரிப்பாளர்கள் இயந்திரங்களைப் பிரித்துக் கழுவுவதைவிடச் சுலபம் என்று மாவில் வேண்டுமென்றே கொஞ்சம் எள் மாவைக் கலந்து 'எள் உள்ளது' என்று எழுதிவிட்டார்கள். அதுவரை அந்த ரொட்டியைச் சாப்பிட்டு வந்தவர்களுக்கு அதுவும் போயிற்று.

நெருக்கடிக்கு இரண்டு வார்த்தை. சாப்பிட்ட பிறகு முகம், உதடு, நாக்கு வீங்குவது, மூச்சுத் திணறுவது, குரல் கம்முவது, மயக்கம் வருவது என்றால் காத்திருக்க நேரமில்லை. அவரிடம் அட்ரினலின் ஊசி இருந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போட வேண்டும். அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று உட்காரக் கூடாது. படுக்க வையுங்கள், மூச்சு விடக் கஷ்டப்பட்டால் உட்கார வையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. இந்த இரண்டு எண்களையும் அடுப்புப் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள். திருவிழா நாளில் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது.

தமிழ்க் கூட்டமைப்புக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். எள்ளையும் கடுகையும் பொதுவான ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லிச் சுகாதாரத் துறையின் உணவுக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோடெக்ஸ் எள்ளைச் சேர்த்துவிட்டது, ஐரோப்பா இரண்டையும் சேர்த்திருக்கிறது என்ற இரண்டு வரியே போதும் வாதத்துக்கு. குஜராத்தி, இந்தி, தெலுங்கு அமைப்புகளையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினால் இன்னும் நல்லது, அவர்கள் அடுக்களையிலும் இதே கடுகுதான் வெடிக்கிறது. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு ஒத்துக்கொள்ளாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள், ஐரோப்பியப் பட்டியலில்கூட அவை இல்லை. அதை இப்போதே இழுத்தால் கடிதம் நீண்டுவிடும். முதலில் எள்ளும் கடுகும்.

எங்கள் கோயில் சமையலறைக்காக ஒரு மாதிரிப் பலகையும், முறுக்கு, சேவ், பர்ஃபி, அச்சார், சாம்பார்ப் பொடிக்கு மாதிரிச் சீட்டுகளும் தயார் செய்து வைத்திருக்கிறேன். எந்தக் குழு கேட்டாலும் கொடுக்கிறேன், வந்து காட்டியும் தருகிறேன். தீபாவளி ஆர்டர் எடுக்க ஆரம்பிப்பதற்கு முன் வரும் உங்கள் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மதியத்துக்கு மேல் வையுங்கள், காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
டர்பன் கோயில் சமையலறைத் தொண்டர் ஒருத்தி